ரைஸ் மில் கொட்டகையில் கிடக்கும் இரண்டு சீட்டுக் கார் எந்த வண்டி?

நீங்கள் கேட்டது ஒரு பெயர்தான். கல்லிடைக்குறிச்சியில் உங்கள் மாமாவின் பழைய ரைஸ் மில் கொட்டகையில், சாக்குக்கும் ஓலைக்கும் அடியில் கிடக்கிற கூரையில்லாத கார் எம்.ஜி.யா, ஜாகுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி இரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது: பழைய இரும்புக் கடை அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், அடுத்த வாரம் எடைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் எதைப் பார்த்து முடிவு செய்வது என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். முதலில் அண்ணாச்சியிடம் "இப்போதைக்கு இல்லை" என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் தந்திருக்கும் குறிப்புகள் அவ்வளவு நம்பிக்கை தருகின்றன.

அந்தக் குறிப்புகளைத் திரும்பச் சொல்கிறேன். நிமிர்ந்து நிற்கும் ரேடியேட்டர், அதற்கு இரண்டு பக்கமும் தனியாக நிற்கும் ஹெட்லைட், கம்பிச் சக்கரம், வலதுபக்க ஸ்டியரிங், சீட்டுக்குப் பின்னால் பலகை போல நிற்கும் பெட்ரோல் டேங்க், அதன்மேல் ஸ்டெப்னி. பின் டயரில் 4.50-19 என்று இருக்கிறது. முன்னால் பேட்ஜ் எதுவும் இல்லை. இத்தனையும் சேர்ந்து வரும் வண்டி பெரும்பாலும் எம்.ஜி. மிட்ஜெட் டி வரிசையின் முதல் மூன்றில் ஒன்று: டி.ஏ. (1936–39), டி.பி. (1939), டி.சி. (1945–49). மூன்றும் வெளியில் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால், எழுத்தில் தந்த வர்ணனையை வைத்து எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. டி.சி. 10,000 வண்டி வந்திருக்கிறது, டி.பி. 379 மட்டுமே. அந்தக் கணக்கில் டி.சி.யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அது வாய்ப்பு மட்டும்தான், அடையாளம் ஆகாது.

ஜாகுவார் என்று சொன்னவரை ஒரு நிமிடத்தில் சோதித்துவிடலாம். பானெட்டைத் திறந்து ஸ்பார்க் பிளக்கை எண்ணுங்கள். நான்கு இருந்தால் நீங்கள் நினைக்கிற ஜாகுவார் இல்லை. இந்த உருவத்துக்கு அருகில் வரும் ஜாகுவார் எஸ்.எஸ். 100 ஆறு சிலிண்டர் வண்டி, மொத்தமே சுமார் 300தான் செய்தார்கள். எக்ஸ்.கே. 120க்கும் ஆறு சிலிண்டர்தான், அதில் ஹெட்லைட் தனியாக நிற்காது, மட்கார்டோடு சேர்ந்து வழிந்து போகும்.

நம்மூரில் எம்.ஜி. என்று தவறாகப் பெயர் சூட்டப்படுவது அதிகமும் 1930களின் மோரிஸ் 8 டூரர். அதிலும் நிமிர்ந்த ரேடியேட்டர், திறந்த மேல்பக்கம், சில ஆண்டு வண்டிகளில் கம்பிச் சக்கரமும் உண்டு. வித்தியாசம் சக்கரத்தின் நடுவில் இருக்கிறது. எம்.ஜி.யில் சக்கரம் முழுவதையும் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே பெரிய நட்டு, இரண்டு காது வைத்தது, சுத்தியலால் தட்டி அவிழ்ப்பது. மோரிஸில் சாதாரண நட்டுகள். எஞ்சினும் வேறு. மோரிஸ் 8-இன் 918 சி.சி. எஞ்சினில் வால்வு பக்கத்தில் இருப்பதால் ஹெட் தட்டையாக இருக்கும், பிளக் அதன்மேல் நேராக நிற்கும். எம்.ஜி.யில் ஹெட்டின் மேல் நீளமான ராக்கர் கவர் இருக்கும். எம்.ஜி.யில் அடுத்து வந்த டி.டி. (1949 கடைசி முதல் 1953 வரை) 15 அங்குலத் தகட்டுச் சக்கரத்தில் வந்தது, ஆகவே உங்கள் 19 அங்குலம் அதை விலக்கிவிடுகிறது. டி.எஃப்.-இல் ஹெட்லைட் மட்கார்டுக்குள் புதைந்திருக்கும், அதுவும் இல்லை.

ஒரு டேப் எடுத்துக்கொண்டு போங்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். டி.ஏ., டி.பி., டி.சி. மூன்றுக்கும் 94 அங்குலம், அதாவது 7 அடி 10 அங்குலம். மோரிஸ் 8 சுமார் 90, பழைய எம்.ஜி. ஜே2 86, பி வகை 87. இரண்டு பக்க அளவும் அரை அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் வண்டி எங்கோ மோதி சேசிஸ் வளைந்திருக்கிறது, அல்லது முன் பட்டையின் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் இரும்புப் பட்டை) மையப் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. இதோடு ஒரு சின்னக் காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கும் சினிமாவுக்கும் வேறு வண்டியின் சேசிஸ் மேல் ஃபைபரில் பழைய கார் உருவம் செய்வது வழக்கம். அசல் எம்.ஜி.யின் தகடு இரும்பு. மட்கார்டு, கதவு, பானெட் மூன்றிலும் காந்தம் ஒட்ட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் பயப்பட வேண்டாம், டிங்கரிங்கில் தடிமனாகப் பட்டி போட்டிருப்பார்கள்.

இனி முக்கியமான வேலை. வண்டியின் பெயர் மூக்கில் இல்லை, சேசிஸில் இருக்கிறது. பேட்ஜை யாரும் வாங்கி ஒட்டலாம், ரேடியேட்டர் மூடியை மாற்றலாம். இரும்பில் அடித்த எண்தான் சாட்சி. இடதுபக்கம் முன்னால், முன் பட்டையின் நுனி மாட்டியிருக்கும் சேசிஸ் முனை கொம்பு மாதிரி வெளியே நீண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் எழுத்தும் எண்ணும் அடித்திருப்பார்கள். கிரீஸும் மண்ணும் காய்ந்து கல்லாக இறுகியிருக்கும். அங்கே கிரைண்டரும் எமரித் தாளும் படவே கூடாது. அச்சின் ஆழம் மிகக் குறைவு, ஒரு தேய்ப்பில் எண் போய்விடும், போன எண்ணை எந்த ஆர்.டி.ஓ.வும் ஏற்க மாட்டார். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அந்த இடத்தில் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். மறுநாள் மூங்கில் குச்சியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் மெல்லச் சுரண்டினால் அழுக்கு அடுக்கடுக்காக வரும். அடியில் பெயின்ட் இருந்தால் தின்னர் தொட்ட துணி போதும். எழுத்து தெரிந்ததும் சாக்பீஸைக் குறுக்கே தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எண் மறைந்துவிடும். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரிண்ட் எடுத்துவிடுங்கள். இன்ஷூரன்ஸுக்கு சேசிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதே முறை.

எண்ணுக்கு முன்னால் டி.ஏ., டி.பி., டி.சி. என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. எம்.ஜி. தன் புதிய வகைகளின் எண்ணை 1 என்று தொடங்காமல் 0251 என்று தொடங்கும். எம்.ஜி. கார் செய்த ஆபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251, அதனால் வந்த வழக்கம். ஆகவே 251-க்குக் கீழ் ஒரு டி.சி. எண் கிடைத்தால் சந்தேகப்படுங்கள், இலக்கம் ஒன்று மண்ணில் மறைந்திருக்கும். இதே எண் பானெட்டுக்குள், ஓட்டுநர் கால்பக்கத் தகட்டின்மேல் இருக்கும் டூல் பாக்ஸில் அடித்த தகட்டிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. தகடு இல்லாமல் இரண்டு ரிவெட் ஓட்டை மட்டும் இருந்தால் யாரோ கழற்றிப் போயிருக்கிறார்கள். சேசிஸ் எண்ணை நம்பினால் போதும்.

எஞ்சினைப் பற்றி எச்சரிக்கையாகப் பேச வேண்டும். டி.பி., டி.சி. இரண்டுக்கும் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற 1250 சி.சி. எஞ்சின். டி.ஏ.க்கு எம்.பி.ஜே.ஜி. என்ற 1292 சி.சி. எஞ்சின். அந்த எழுத்தும் எண்ணும் எஞ்சின் மேல் ரிவெட் அடித்த சின்னப் பித்தளைத் தகட்டில் இருக்கும். தகடு போயிருந்தால் எஞ்சின் பிரிக்கும் அன்று சிலிண்டர் அளவைப் பாருங்கள். எக்ஸ்.பி.ஏ.ஜி.க்கு போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 66.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. எம்.பி.ஜே.ஜி.க்கு 63.5-உம் 102-உம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்திருந்தால் போர் கொஞ்சம் கூடியிருக்கும், ஸ்ட்ரோக் மாறாது, ஆகவே ஸ்ட்ரோக்கை நம்புங்கள். உதிரி பாகம் கிடைக்காத காலத்தில் நம்மூர் மெக்கானிக்குகள் வண்டியை ஓடவைக்க அம்பாசடர் எஞ்சினையோ ஃபியட் 1100 எஞ்சினையோ ஏற்றிவிடுவார்கள். அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின், 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. காரின் எஞ்சின் குடும்பமேதான். அதனால் "உள்ளே இருப்பது எம்.ஜி. எஞ்சின்" என்று ஒருவர் சொன்னால் அது ஒருவகையில் உண்மை, உங்கள் வண்டிக்கு மட்டும் உண்மை இல்லை.

எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினில் நல்ல மெக்கானிக்கையே ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. போல்ட்டின் தலை பழைய விட்வொர்த் ஸ்பேனர் அளவு, மரையோ மெட்ரிக். தலையைப் பார்த்துவிட்டுப் பிரிட்டிஷ் மரை என்று நினைத்து வேறு போல்ட்டை முறுக்கினால் இரண்டு சுற்று ஏறி இறுகும், மூன்றாவது சுற்றில் பிளாக்கின் மரையே வழன்றுவிடும். வண்டியின் மற்ற இடங்களில், சேசிஸிலும் பட்டையிலும், மரை பிரிட்டிஷ்தான். ஆகவே கழற்றுகிற ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தின் பெயர் எழுதிய தனிப் பையில் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிய வண்டியைத் திரும்பப் பூட்டுவது மிகப் பெரிய வேதனை.

வீட்டில் சொல்லும் கதைக்கு வருவோம். விக்கிரமசிங்கபுரம் மில்லில் இருந்த துரை ஒருவர் 1947-இல் ஊருக்குத் திரும்பும்போது தாத்தாவிடம் விட்டுப்போனது, அன்றிலிருந்து கொட்டகையை விட்டு நகரவே இல்லை என்கிறீர்கள். முதல் பாதி நடக்கக்கூடியதே. டி.சி. 1945 கடைசியில் வந்தது, டி.ஏ., டி.பி. அதற்கும் முந்தியவை, மில்லிலும் மலை எஸ்டேட்டிலும் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட வண்டி வைத்திருந்திருக்கலாம். ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும், கதை போதாது. இரண்டாவது பாதி நிச்சயமாகச் சரியில்லை. ஸ்டெப்னியில் எம்.ஆர்.எஃப். 3.50-19 என்று படித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எம்.ஆர்.எஃப். டயர் செய்யத் தொடங்கியது 1961-இல். அந்த அளவு புல்லட் மோட்டார் சைக்கிள் டயருக்கு உரியது. அப்படியானால் 1961-க்குப் பிறகு யாரோ இந்த வண்டிக்கு டயர் தேடி, கார் டயர் கிடைக்காமல் புல்லட் டயரை ஏற்றியிருக்கிறார்கள். இது உங்களுக்கு நல்ல செய்தி. அவ்வளவு காலம் ஓடியிருந்தால் இந்தியப் பதிவும் வரி கட்டிய சீட்டும் எங்காவது இருக்கும். (அந்த டயரில் வண்டியை உருட்ட வேண்டாம், காரின் எடைக்குச் செய்த டயர் இல்லை அது.) காலத்தைக் கணிக்க இன்னொரு வழி லூகாஸ் கம்பெனி செய்த மின் பாகங்கள். டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார், டிஸ்ட்ரிப்யூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் சின்ன இலக்கமாக அடித்திருக்கும். ஒன்றில் மட்டும் பிந்திய ஆண்டு இருந்தால் அது மாற்றிப் போட்டது. மூன்றும் ஒரே ஆண்டைக் காட்டினால் வண்டி பிறந்த ஆண்டுக்கு மிக அருகில் இருக்கிறீர்கள்.

டேஷ்போர்டில் மீட்டர் மிச்சமிருந்தால் பாருங்கள். டி.சி.யில் ஓட்டுநருக்கு நேராக இருப்பது எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர், ஸ்பீடோமீட்டரோ பக்கத்து சீட்டுக்காரருக்கு நேராக இருக்கும். யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அமைப்பே அப்படித்தான்.

இனி வண்டியின் உடம்பு. இதில்தான் எனக்குக் கவலை. இந்த வண்டிகளின் பாடி முழுக்க ஆஷ் மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்தியது, காலடியில் பிளைவுட் பலகை. ரைஸ் மில் கொட்டகை, உமி, ஓலை, மண் தரை என்றால் கரையான் வராமல் இருக்காது. வெளியே பெயின்ட்டோடு தகடு நன்றாகத் தெரியும், உள்ளே சட்டம் மண்ணாகியிருக்கும். கதவைத் திறந்து அதன் நுனியைப் பிடித்து ஒரு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். கதவோடு கீல் இருக்கும் தூணும் சேர்ந்து அசைந்தால் மரம் போய்விட்டது. அப்படிப் போயிருந்தாலும் வண்டி போகவில்லை. பழைய மரத்துண்டுகள், உளுத்ததாக இருந்தாலும், ஒன்றைக்கூட வீசாதீர்கள். புதுச் சட்டம் அறுக்கும் ஆசாரிக்கு வளைவும் போல்ட் ஓட்டையும் காட்ட அவைதான் மாதிரி. தாமிரபரணிக்குப் பக்கத்தில் இருப்பதால் 2023 டிசம்பர் வெள்ளம் கொட்டகைக்குள் வந்ததா என்பதையும் சுவரின் கறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வண்டல் படிந்த சேசிஸ் உள்ளிருந்து ஈரத்தைப் பிடித்துத் துருவேறும். அடியில் ஒரு ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், கணீரென்று வரும் சத்தம் எங்கே மந்தமாகிறதோ அங்கே தகடு மெலிந்திருக்கிறது. ஒன்றை மறந்துவிட்டேன்: ஓலையைக் கையால் இழுக்காதீர்கள். நீளக் கம்பால் விலக்கி, கனமான ஷூ போட்டுக்கொண்டு பகலில் போங்கள். அந்த இடம் விரியனுக்கு மிகவும் பிடித்தமானது.

ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். வேறு வண்டியில் கட்டி இழுத்து கியரில் போட்டால், சிலிண்டரில் ஒட்டிப்போன ரிங் உடையும், மாட்டிக்கொண்ட வால்வு புஷ் ராடை வளைக்கும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றி, ஒரு வாரம் ஊறவிட்டுப் பிறகு முன் ஹேண்டிலைப் போட்டுக் கையால் இப்படியும் அப்படியும் மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் திரும்ப ஊற்றிவிட்டுக் காத்திருங்கள், பலத்தால் ஆகிற காரியம் இல்லை. பேட்டரியும் வைக்க வேண்டாம். இந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், இன்றைய காருக்கு நேர் எதிர். வயர் மேலுறையும் எலி தின்று போயிருக்கும்.

சக்கரம் கழற்ற வேண்டியிருந்தால் இடது, வலது மரை வேறு என்பதை நினைவில் வையுங்கள். வலதுபக்க நட்டு கடிகாரம் சுற்றும் திசையில் அவிழும், இடதுபக்கம் வழக்கம்போல. இரும்புச் சுத்தியல் வேண்டாம், செம்பு அல்லது ஈயச் சுத்தியல் பிடியுங்கள். வண்டியை நகர்த்தும் முன் இரண்டு கதவையும் மூடிக் கயிற்றால் கட்டிவிட வேண்டும், உளுத்த சட்டத்துக்கு அந்தக் கதவே முட்டு. ஜாக்கி சேசிஸுக்கு அடியில் மட்டும், ஃபுட்போர்டில் வைத்தால் கையோடு வந்துவிடும். நீளம் 11½ அடிக்கு மேல் இருப்பதால் டாடா ஏஸில் ஏறாது, தட்டை மேடை வைத்த ரெக்கவரி வண்டி வரவேண்டும்.

அண்ணாச்சி கணக்குக்கு இந்த வண்டி 800 கிலோவுக்குக் குறைவான இரும்பு, அதிலும் மரமும் காற்றும் பாதி. கடையில் முதலில் தனியாகப் பிரிப்பது ரேடியேட்டரின் செம்பு, பித்தளை, பிறகு இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரின் அலுமினியம். சேர்த்து வைத்தால்தான் மதிப்புள்ள பாகங்களே எடைக்கடையில் முதலில் உருகும். எவ்வளவு பெறும் என்று கேட்டிருந்தீர்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண், மரத்தின் நிலை, ஆவணம் நான்கும் தெரியாமல் யார் விலை சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

ஆவணத்தை இன்றே தேடத் தொடங்குங்கள். ஆர்.சி. புத்தகம் இல்லாவிட்டால் பழைய நம்பர் வேண்டும். பின் நம்பர் பலகையின் பெயின்ட்டுக்கு அடியில் பார்த்தால் எம்.எஸ். அல்லது எம்.டி. என்று தொடங்கும் மெட்ராஸ் மாகாண எழுத்து தெரியக்கூடும். நம்பர் கிடைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பி' ரிஜிஸ்டர் (வண்டியின் பதிவு விவரம் உள்ள ஏடு) நகல் கேட்டு மனுப் போடலாம். செங்கோட்டைப் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால் 1956 வரை அது திருவிதாங்கூர்–கொச்சி, பதிவு கேரளத்தில் இருக்கலாம். 'ஸ்ரீ' எழுத்து நடுவில் வந்தால் இலங்கைப் பதிவு, அப்போது சுங்கம் கட்டிய தாள் கேட்பார்கள். தாத்தா பெயரில் இருந்தால் எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி சுத்தமாகிப் பளபளப்பதற்கு முன் அந்தக் கையெழுத்துகளை வாங்கிவிடுவது நல்லது.

2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியை 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் மூல வடிவில் இருக்க வேண்டும், பெரிய மாற்றம் கூடாது. அதனால் இப்போது உள்ளே அம்பாசடர் எஞ்சின் இருந்தால், பழைய எக்ஸ்.பி.ஏ.ஜி. பிளாக் விரிசல் விட்டதாகவாவது கொட்டகையின் மூலையில் கிடக்கிறதா என்று தேடுங்கள். வார்ப்பு இரும்பு விரிசலைத் தைத்து ஒட்டும் வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பராமரிப்புக்கும் மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினம் திருநெல்வேலிக்கு வேலைக்கு ஓட்டிப்போக அது செல்லாது.